தோட்டத்து வீட்டுக்கு ரோட்டுல இருந்து போர்டிகோ வரைக்கும் தார் போடலாமா, கான்கிரீட் போடலாமா?

உடுமலை_தோப்பு

வணக்கமுங்க. உடுமலை பக்கம் தோட்டத்துக்குள்ள வீடு கட்டி குடி வந்து நாலு மாசம் ஆச்சு. பஞ்சாயத்து ரோட்டுல இருந்து போர்டிகோ வரைக்கும் 110 அடி நீளம், அகலம் 10 அடி விட்டிருக்கோம், இப்போதைக்கு மண்ணு மேல கொஞ்சம் கிராவல் கொட்டி வச்சதுதான், போன மாசம் கோடை மழை ரெண்டு தடவ பெஞ்சதுக்கே கார் சக்கரம் பதிஞ்சு பள்ளம் பள்ளமா ஆயிருச்சு. அம்மாவுக்கு 71 வயசு, தடி ஊணித்தான் நடக்கறாங்க, அந்த சேத்துல ஒரு நாள் வழுக்கி அப்படியே உக்காந்துட்டாங்க. அடி ஒண்ணும் படல, ஆனா எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. அதனால ஆடிக்கு முன்னாடி எப்படியாவது இத முடிச்சிரணும்.

தார் போடறவர் சதுர அடிக்கு 95 ரூபா சொல்றார், ஒரே நாள்ல முடிச்சு தர்றேன், அடுத்த நாள் வண்டி ஓட்டிக்கலாம்ங்கறார். எங்க வீடு கட்டின மேஸ்திரி 5 இஞ்ச் கான்கிரீட்டுக்கு கம்பி வலையோட 120 சொல்றார். 1100 சதுர அடிக்கு 27,500 ரூபா வித்தியாசம் வருது. கனடாவுல இருக்கற அத்தை பையன் வீட்டு போட்டோவுல பாத்தா அந்தத் தெருவுல எல்லா வீட்டு முன்னாடியும் தார்தான் போட்டிருக்காங்க, அவ்ளோ குளிருலயும் தாங்குதுன்னா இங்க தாங்காதான்னு ஒரு யோசனை.

மண்ணு பெரும்பாலும் செம்மண். நடுவுல ஒரு 30 அடி மட்டும் பழைய வாய்க்கால் போன இடம், அங்க கருப்பு மண்ணா இருக்கு. ரெண்டு பக்கமும் தென்னை, கேட் கிட்ட ஒரு வேப்பமரம். தினமும் ஒரு காரு ரெண்டு பைக்கு, அப்பப்ப டிராக்டர், 45 நாளைக்கு ஒருக்கா காய் ஏத்தற லாரி உள்ள வரும். போட்டவங்க அனுபவம் சொல்லுங்க.

சைட்_இன்ஜினியர்

அண்ணா, நான் ஏழு வருஷம் ரோடு வேலைல இருந்தவன், இப்ப வீடு கட்டற பக்கம் வந்துட்டேன். தார் மோசம்னு சொல்ல மாட்டேன், நல்லா போட்ட தார் ரோடு மாதிரி ஓட்டறதுக்கு சுகமானது எதுவும் இல்ல. ஆனா உங்க கேஸ்ல பிரச்சனை என்னன்னா அளவு. 1100 சதுர அடிக்கு 2 இஞ்ச் தார் கலவைன்னா கிட்டத்தட்ட 12 டன், ஒரு டிப்பர் லோடு. அந்த கலவை பிளான்ட்ல 150-ல இருந்து 165 டிகிரி சூட்டுல வெளிய வரும், விரிக்கும்போது 140-க்கு கொறயக் கூடாது, ரோலர் ஓட்டி முடிக்கறதுக்குள்ள 90-க்கு கீழ போயிடக் கூடாது. வீட்டு வேலைக்கு வர்றவங்க என்ன பண்றாங்கன்னா, வேற எங்கயோ ரோடு போட்டு மிச்சமான கலவைய சாயங்காலம் கொண்டாந்து கொட்டுவாங்க, அதுக்குள்ள பாதி சூடு போயிருக்கும், ரோலரும் வராது, கைல தள்ளற சின்ன உருளைய வச்சு நாலு தடவ உருட்டிட்டு காசு வாங்கிட்டு போயிடுவாங்க. பாக்கறதுக்கு அன்னைக்கு பளபளன்னு இருக்கும். ஒரு மழைக்காலம் போனதும் ஜல்லி ஜல்லியா பேந்து வரும்.

அதனால அவர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. கலவை எந்த பிளான்ட்ல இருந்து, எத்தன மணிக்கு கெளம்பும்? 8 டன் ரோலர் வருமா? கீழ ஜல்லி எத்தன இஞ்ச்? 95 ரூபாய்க்குள்ள கீழ் அஸ்திவாரம் இருக்கற மாதிரி எனக்கு தெரியல, கிராவல் மேல நேரா தார் போடறேன்னு சொன்னார்னா அந்த பேச்ச அதோட விட்டுருங்க. தார் ஒரு போர்வை மாதிரிதான், சுமைய தாங்கறது கீழ இருக்கற ஜல்லி. கான்கிரீட்டுக்கும் அடி முக்கியம்தான், ஆனா அது பலகை மாதிரி சுமைய பரப்பி விடும், கீழ கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் சமாளிக்கும்.

இன்னொண்ணு ஓரம். ரோட்டுல ரெண்டு பக்கமும் மண்ண இறுக்கி தோள் மாதிரி பிடிச்சு வச்சிருப்பாங்க, தோட்டத்துல அப்படி இருக்காது, தென்னைக்கு தண்ணி பாயறப்ப ஓர மண்ணு இளகும், லாரி சக்கரம் ஓரத்துல ஏறினா தார் பிஸ்கட் மாதிரி உடையும். தார்தான் போடறதுன்னா ரெண்டு ஓரமும் கான்கிரீட் பெல்ட் போட்டே ஆகணும், அந்த செலவையும் சேத்து பாத்தா உங்க 27,500 எங்க நிக்கும்னு பாருங்க.

ஸ்கார்பரோ_தம்பி

நான் கனடாவில இருந்து எழுதுறன். அண்ணை, இஞ்ச தார் போடுறதுக்கு காரணம் வேற. பனிக்காலத்தில நிலத்துக்குள்ள இருக்கிற தண்ணி உறைஞ்சு நிலம் மேல எழும்பும், பிறகு இளகேக்க கீழ இறங்கும், ஒவ்வொரு வருசமும் இதுதான் கதை. தார் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், வெடிச்சாலும் திருத்துறது லேசு. அதோட ஐஸ் கரைய உப்பு போடுறம், அந்த உப்பு கான்கிரீட்டின்ர மேல் தோலை உரிச்சுப் போடும், அதுக்காக இஞ்ச வெளியில போடுற கான்கிரீட்டுக்குள்ள சின்னச் சின்ன காத்துக் குமிழ் இருக்கிற மாதிரி கலக்கினம். கறுப்பு நிறம் எண்டபடியால் வெயில் எறிச்சவுடன ஸ்னோவும் கெதியா கரையும். உங்கட ஊரில இதில ஒண்டுமே இல்லைத்தானே, வெயில் மட்டும்தான். என்ர வீட்டுத் தாருக்கு ரெண்டு மூண்டு வருசத்துக்கு ஒருக்கா சீலர் எண்ட பாதுகாப்புப் பூச்சு பூசிக்கொண்டு இருக்கிறன், அதையும் கணக்கில எடுங்கோ. எங்கட போட்டோவைப் பாத்து முடிவெடுக்காதேங்கோ.

கோத்தகிரி_மேடு

எல்லாரும் தாருக்கு எதிரா பேசறதால என் அனுபவத்தையும் சொல்லிடறேன். எங்க வீடு மேட்டுல, ரோட்டுல இருந்து 600 அடி ஏறணும். 2016-ல எங்க ஊர் ரோடு போடறப்ப அதே வேலையோட சேத்து எங்களுக்கும் போட்டு குடுக்கச் சொல்லி காசு கட்டி போட்டோம், அதே கலவை, அதே ரோலர், கீழ ஒன்றரை ஜல்லி ரெண்டு அடுக்கு. இன்னைக்கு வரைக்கும் ரெண்டு இடத்துல ஒட்டு போட்டதோட சரி. மழைத்தண்ணி போக மேட்டுப் பக்கம் கல்லு வச்சு ஓடை கட்டினோம், அத வருஷா வருஷம் தூர் வாருவோம், தார் தாங்கினதுக்கு அதுதான் காரணம்னு நெனைக்கிறேன். தண்ணி நின்னா தார் போச்சு. ஆனா இங்க வெயில் கம்மி, நீளமும் அதிகம். 110 அடிக்கு நான் இத சொல்ல மாட்டேன்.

மலர்_திண்டுக்கல்

நான் கான்கிரீட் போட்டு ஏமாந்த கதைய சொல்றேன், நீங்க கான்கிரீட் பக்கம் சாஞ்சிட்டீங்கன்னு தோணுது அதனால. எங்க வீட்டு முன்னாடி 60 அடி. 4 இஞ்ச் போட்டாங்க. வேலை நடந்த அன்னைக்கு நான் ஸ்கூல்ல பரீட்சை டூட்டி, வீட்டுக்காரரும் ஊர்ல இல்ல. கலவை இறுகுது தள்ள முடியலன்னு ஹோஸ வச்சு தண்ணிய விட்டு விட்டு கலக்கியிருக்காங்க, பக்கத்து வீட்டு அக்கா அப்புறமா சொன்னாங்க. 60 அடியையும் ஒரே பாளமா போட்டாங்க, நடுவுல கோடு எதுவும் வெட்டல. ரெண்டு நாள் தண்ணி ஊத்துனாங்க, மூணாவது நாள் ஆளே வரல, நாங்களும் அவ்ளோதான் போலன்னு இருந்துட்டோம்.

ஒரு மாசத்துல குறுக்க மூணு எடத்துல தலைமுடி மாதிரி விரிசல் விழுந்துச்சு. அப்புறம் அந்த வருஷம் தண்ணி பஞ்சம், 12,000 லிட்டர் லாரி வாரம் ஒரு தடவ வரும், தண்ணி மட்டுமே 12 டன், லாரி எடை தனி. கேட் பக்கம் அப்படியே ரெண்டா பொளந்து ஒரு பக்கம் இறங்கிடுச்சு. இடிச்சு எடுத்தப்பதான் தெரியுது கீழ மண்ண இறுக்கவே இல்ல, செப்டிக் டேங்குக்கு தோண்டின மண்ண அங்க தள்ளி மேலயே ஊத்தியிருக்காங்க. கம்பி வலையும் அடியில மண்ணோட மண்ணா கெடந்துச்சு, ஒரு பக்கம் துருப்பிடிச்சு.

அதனால தாரா கான்கிரீட்டாங்கறத விட வேலை நடக்கற அன்னைக்கு வீட்டுல யாராவது கூட நிக்கணும், லீவு போட்டாவது நில்லுங்க. இந்த விஷயத்துல எனக்கு இன்னும் மனசு ஆறல.

சைட்_இன்ஜினியர்

மலர் அக்கா சொன்னதுல அத்தனையும் இருக்கு. கான்கிரீட் காயறப்ப சுருங்கும், சுருங்கினா எங்கயாவது வெடிச்சுத்தான் ஆகும், அது எங்க வெடிக்கணும்னு நாம முடிவு பண்றதுதான் ஜாயின்ட். 5 இஞ்ச் பாளத்துக்கு 10-ல இருந்து 12 அடிக்கு ஒண்ணு வேணும். உங்களுக்கு 10 அடி அகலம், 11 அடிக்கு ஒண்ணுன்னா சரியா 10 கட்டம் வரும், கிட்டத்தட்ட சதுரமா இருக்கறதால நல்லது. போட்டு கொறஞ்சது ஆறு மணி நேரம் ஆனப்புறம், ஒரு நாள் ஆகறதுக்குள்ள, கட்டர் வச்சு ஒண்ணே கால் இஞ்ச் ஆழம் வெட்டணும். கட்டர் கெடைக்கலன்னா கட்டம் விட்டு கட்டம் போடச் சொல்லுங்க, இன்னைக்கு ஒண்ணு மூணு அஞ்சு, ரெண்டு நாள் கழிச்சு நடுவுல இருக்கறது, பழைய மேஸ்திரிங்க அப்படித்தான் போடுவாங்க. போர்டிகோ தளத்தோட சேர்ற எடத்துல தெர்மாகோல் அட்டை வச்சு பிரிச்சிருங்க, இல்லேன்னா இது விரியறப்ப போர்டிகோ டைல்ஸ தூக்கும்.

வலை 8 மி.மீ. கம்பி, 8 இஞ்ச் இடைவெளி. பாளத்தோட மேல் பாதியில இருக்கணும், மேல இருந்து 2 இஞ்ச் கீழ. அடியில கெடந்தா அது செலவுக்கு மட்டும்தான். அடியில கவர் பிளாக்குங்கற சின்னக் கட்டைய வச்சு தூக்கி நிறுத்தச் சொல்லுங்க, கலவை கொட்டறப்ப ஆளுங்க மெதிச்சு அமுக்கிருவாங்க, கொக்கி வச்சு இழுத்து விடணும்.

உங்க அளவுக்கு 13 கனமீட்டர் கலவை. எம்20-ங்கற பலத்துக்கு கைக்கலவைன்னா கனமீட்டருக்கு 8 மூட்டைன்னு 104 மூட்டை சிமென்ட். பிளான்ட்லயே கலந்து லாரில வர்ற ரெடிமிக்ஸ் வாங்கினா லாரிக்கு 6 கனமீட்டர்னு ரெண்டு லாரியும் மேல கொஞ்சமும் வரும், அதனால பாதி பாதியா ரெண்டு நாள்ல பிரிச்சுக்கோங்க. போர்டிகோ பக்கத்துல ஆரம்பிச்சு ரோட்ட பாத்து பின்னாடி வரணும், ரெடிமிக்ஸ் லாரி நிக்க இடம் வேணுமில்ல.

கோவில்பட்டி_கரிசல்

அந்த 30 அடிய யாரும் பேசலையே. கரிசல் மண்ணு பத்தி எங்களுக்குத்தான் தெரியும். மழை பெஞ்சா ஊதும், கோடைல சுருங்கி கை நுழையற அளவுக்கு வெடிக்கும், அதுக்கு மேல தார் போட்டாலும் கான்கிரீட் போட்டாலும் அது தன் வேலைய காட்டத்தான் செய்யும். எங்க ஊர்ல வீட்டு முற்றத்துல போட்ட தளமெல்லாம் நடுவுல குமிழி மாதிரி தூக்கிட்டு நிக்கும். உங்களுது வாய்க்கால் பட்டையா மட்டும் இருக்கறது உங்க அதிர்ஷ்டம், ஜேசிபி வச்சு கருப்பு மண்ண முழுசா வழிச்சு எடுத்துருங்க. செம்மண் வர்ற வரைக்கும் போங்க, ரெண்டு அடியோ மூணு அடியோ. அப்புறம் கிராவல ஒரே தடவையா கொட்டாம 6 இஞ்ச் 6 இஞ்சா கொட்டி தண்ணி தெளிச்சு ரோலர் ஓட்டணும், சின்ன வைப்ரேட்டர் ரோலர் வாடகைக்கு கெடைக்கும்.

அப்படி எடுக்க முடியாத ஆழம்னா அந்த 30 அடிக்கு மட்டும் 80 மி.மீ. பேவர் பிளாக் போடுங்க. அமுங்கினா கல்ல எடுத்து கீழ டஸ்ட் போட்டு மறுபடி அடுக்கிக்கலாம், ஒரு நாள் வேலை. 60 மி.மீ. காருக்கு சரி, காய் லாரிக்கு வேணாம். பேவருக்கும் ஓரத்துல கான்கிரீட் பிடிப்பு இல்லேன்னா விலகிடும்.

இன்னொரு விஷயம், வாய்க்கால் இருந்த எடத்துல தண்ணி வழி தேடிட்டேதான் இருக்கும். மேல என்ன போட்டாலும் கீழ ஒரு குழாய் குறுக்க விட்டு வைங்க.

உடுமலை_தோப்பு

இவ்ளோ பொறுமையா எழுதினதுக்கு எல்லாருக்கும் நன்றிங்க. சைட் இன்ஜினியர் சொன்ன மூணு கேள்விய தார்க்காரர்கிட்ட போன்ல கேட்டேன். ரோலர் வராதுன்னு ஒத்துக்கிட்டார், கலவை பக்கத்துல ஒரு வேலை நடக்குது அதுல இருந்து எடுத்துக்கலாம்னார். கீழ என்னன்னு கேட்டதுக்கு இருக்கற கிராவலே போதும்ங்கறார். அதனால தார் இல்லைன்னு முடிவு பண்ணிட்டேன். அதோட சித்திரை வைகாசில தார் மேல சைடு ஸ்டாண்டு போட்டா அப்படியே இறங்கி பைக்கு சாயுது, டிராக்டர்ல டீசல் சொட்டினா அந்த எடம் கரைஞ்சு போகும்னு எங்க மாமாவும் சொன்னார். அம்மா வேற வாசல்ல வெறுங்கால்லதான் நடப்பாங்க.

சந்தேகம் மூணு இருக்கு. அம்மா நடக்கறதுக்கு வழுக்காம இருக்க மேல் பூச்சு எப்படி கேக்கணும்? மரத்து வேர் தூக்குமா? அப்புறம் எங்க ஊர்ல இப்பவே காத்து ஆரம்பிச்சிருச்சு, ஆடி பொறந்தா சொல்லவே வேண்டாம், அது எதாச்சும் பாதிக்குமா?

சைட்_இன்ஜினியர்

காத்த பத்தி நீங்களே கேட்டது ரொம்ப நல்லது அண்ணா, அதுதான் உங்க ஊர்ல பெரிய விஷயம். பாலக்காட்டு கணவாய் வழியா வர்ற காத்து மேல் தண்ணிய உறிஞ்சிரும், கான்கிரீட் இறுகறதுக்கு முன்னாடியே மேல வலை வலையா வெடிக்கும், மேஸ்திரி சிமென்ட் சரியில்லம்பார். விடிகாலைல ஆரம்பிச்சு வெயிலேறதுக்குள்ள முடிங்க, கீழ மண்ண முந்தின நாளே நனைச்சு வைங்க, இல்லேன்னா அதுவும் தண்ணிய குடிக்கும். மட்டம் பாத்து முடிச்ச கட்டத்து மேல உடனே தார்ப்பாய் இல்ல பாலிதீன் ஷீட் மூடுங்க, ஓரத்துல கல்லு வைங்க. அடுத்த நாள்ல இருந்து பாத்தி கட்டி தண்ணிய தேக்கி வைங்க. பிபிசி (PPC), அதாவது சாம்பல் கலந்த சிமென்ட்தான் வாங்குவீங்க, அதுக்கு சாதாரணமாவே 10 நாள், இந்த மாதிரி காஞ்ச காத்துக்கு 14 நாள். தோட்டத்துல தண்ணி இருக்கறப்ப எதுக்கு கஞ்சத்தனம்.

கைக்கலவைன்னா மூட்டைக்கு 25-ல இருந்து 28 லிட்டர் தண்ணி, பக்கெட்ல அளந்து ஊத்தச் சொல்லுங்க, ஹோஸ மிக்ஸர் கிட்ட வைக்கவே விடாதீங்க. காரு 7 நாள்ல விடலாம், காய் லாரிய 28 நாளைக்கு வெளியவே நிறுத்துங்க, அடுத்த காய் வெட்டு எப்பன்னு பாத்து தேதி வைங்க.

மேல் பூச்சுக்கு சிமென்ட் பால் தெளிச்சு வழுவழுன்னு இழைக்க விடாதீங்க, மழையில அதுதான் ஆளத் தள்ளும். கரணை போட்டு மட்டம் பண்ணினதும் தென்னை விளக்குமாற குறுக்க ஒரே இழுப்பா இழுத்தா போதும், கோடு கோடா பிடிப்பு வரும். நடு உசரமா ஓரம் தாழ்வா, நடுவுல இருந்து ஓரத்துக்கு ஒண்ணே கால் இஞ்ச் சரிவு குடுங்க.

மலர்_திண்டுக்கல்

வேர் பத்தி நான் சொல்றேன். தென்னைக்கு நார் நாரா சல்லி வேருதான், தளத்த தூக்காது. வேப்பமரம்தான் பாத்துக்கணும், அது பெருக்க பெருக்க வேரும் பெருக்கும். எங்க தெருவுல ஒரு வீட்டுல காம்பவுண்டையே சாச்சிருக்கு. அதுக்காக மரத்த வெட்டிராதீங்க, ரோட்ட ஒரு நாலு அடி தள்ளி வளைச்சு கொண்டு போங்க, இல்லேன்னா மரத்து பக்கம் வர்ற ஒரு கட்டத்துக்கு மட்டும் பேவர் போடுங்க. அம்மா அந்த நிழல்ல உக்காருவாங்கல்ல.

கோவில்பட்டி_கரிசல்

கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி குறுக்க 4 இஞ்ச் பிவிசி குழாய் ரெண்டு மூணு எடத்துல புதைச்சு ரெண்டு முனையும் மூடி வைங்க. சொட்டு நீர் லைன், கரண்டு ஒயரு, கேமரா ஒயருன்னு நாளைக்கு எதாச்சும் ஒண்ணு வரும். போட்டு ஆறு மாசத்துல உடைச்ச வீடுங்க நெறய பாத்திருக்கேன்.

உடுமலை_தோப்பு

அப்டேட். வேப்பமரத்துக்கிட்ட மூணரை அடி தள்ளி வளைச்சு கயிறு கட்டியாச்சு, அந்த ஒரு கட்டம் பேவர். நேத்து ஜேசிபி விட்டு வாய்க்கால் பட்டைய தோண்டினோம், ரெண்டரை அடியில செம்மண் வந்திருச்சு, அதனால அங்க கான்கிரீட்டே போடலாம்னு மேஸ்திரியும் சொல்றார். வழிச்ச கருப்பு மண்ண வீணாக்காம தென்னை பாத்திக்கு தள்ளிட்டோம். பழைய வாய்க்கால் இருந்த எடத்துல 6 இஞ்ச் குழாய் ஒண்ணு, சொட்டு நீருக்கு 4 இஞ்ச் ரெண்டு. திங்கக்கெழம கிராவலும் வைப்ரேட்டர் ரோலரும் வருது. கான்கிரீட் போடற ரெண்டு நாளும் லீவு சொல்லிட்டேன், அம்மா இப்பவே சேர எடுத்து வேப்பமரத்தடியில போட்டு உக்காந்து ஆளுங்க வேலைய பாத்துட்டு இருக்காங்க.